கனதூரமோ என்று கேட்டவர்

“சேர், நாலாம் கேள்வியை என்னாலை கேக்க ஏலாது.”

பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தபோது அரியநாயகம் சுவரில் விழுந்திருந்த படத்துக்குப் பக்கத்தில் நின்றார். பண்ணைப் பாலத்தால் நடந்து போகிற சனத்தைப் பத்து நாட்களுக்கு எண்ணுவதற்காகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். யாழ்ப்பாண நகரத்திலிருந்து கடலுக்கு நடுவே மண்டைதீவுக்குப் போகும் அந்த வீதியின் ஓரத்தில் நடைபாதை போடலாமா என்று பார்க்கும் வேலை அது. வேலையின் பெருமை புரியட்டும் என்று உலகத்தின் பெயர்போன வீதிகளை எல்லாம் அவர் காட்டியிருந்தார். மைலுக்கு ஒரு தூண் நட்ட ரோமருடைய கல்வீதி. முடிச்சுப் போட்ட கயிறுகளில் செய்தி கொண்டு ஆட்கள் ஓடிய இன்காக்களின் மலைப்பாதை. கடைசியாகப் பட்டு வழி. அந்த வழியில் ஒரு பாலைவனம் இருந்ததாம். கூட்டத்தை விட்டுப் பிந்தியவர்களை யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவும், திரும்பிப் போனவர் வரமாட்டார் என்றும் வழிப்போக்கர்கள் நம்பினார்களாம்.

“ஏன் ஏலாது?” என்றார் அரியநாயகம்.

“வெளிக்கிட்ட சனத்தை மறிச்சு ‘எங்கை போறியள்’ எண்டு ஆரும் கேப்பினமே? போற காரியம் விளங்குமே?”

“இது படிவம், அக்கா. படிவத்திலை உள்ளதைக் கேக்கவேணும்.”

“உதை ஆர் தமிழிலை எழுதினது?”

முன்வரிசையில் இருந்த வினோஜா தலையைக் குனிந்தாள். ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கியது அவள்தான். ‘நீங்கள் எங்கே போகிறீர்கள்?’ என்ற வசனத்தில் ஒரு பிழையும் அவளுக்குத் தெரியவில்லை.

“நான்தான்,” என்றாள்.

“பிள்ளை எவடம்?”

“கொழும்பு. வெள்ளவத்தை. அம்மான்ரை ஊர் வேலணை.”

“நீர் வெளிக்கிடேக்கை அம்மா எங்கை போறாய் எண்டு கேக்கிறவவோ?”

வினோஜா யோசித்தாள். “இல்லை. ‘கனதூரமோ’ எண்டு கேப்பா. முன்கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் அப்பிடித்தான் கேப்பா. பகிடிக்குக் கேக்கிறா எண்டு நினைச்சனான்.”

“பகிடியில்லை, பிள்ளை. உமக்குத் தெரிஞ்சிருக்கு. எழுதேக்கை விட்டிட்டீர்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அரியநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. “ரோமாபுரிச் சனம் உப்பிடிச் சகுனம் பாத்துக்கொண்டு இருந்திருந்தா உந்த வீதியளைப் போட்டிருப்பினமோ?” என்றார். ரோமர்கள் பறவை பறந்த திசையைப் பார்த்தே பல காரியங்களைத் தொடங்கினார்கள் என்று வினோஜா படித்திருந்தாள். சொல்லவில்லை. இருபத்தாறு வயதுக்குள் அவள் சொல்லாமல் விட்டவை ஏராளம்.

“நீங்கள் காட்டின வீதியளாலை போன சனம் எல்லாம் போய்ச் சேந்ததோ, சேர்?” என்று பின்வரிசைக் குரல் கேட்டது.

“அதை ஆர் எண்ணினது?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்,” என்று சொல்லிவிட்டுச் சறோஜினிதேவி தன் இடத்தில் இருந்துவிட்டார்.

மண்டைதீவுக்கு அப்பால், தீவுப்பக்கத்துப் புளியங்கூடலில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. ஆனால் சறோஜினிதேவி என்று கேட்டால் யோசிப்பார்கள். ரீச்சர் என்றால்தான் விளங்கும். ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது பக்கத்துச் சுருவிலில், கலியாணம் முடித்தது புளியங்கூடலில். கணவர் இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஊர்ப் பாலர் பாடசாலையை நடத்தியவர். அங்கே அவர் படிப்பித்த அரிச்சுவடியைவிட மத்தியானத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிற விதத்தைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் வாசற் படலையடியில் நின்று “போட்டு வாறன், ரீச்சர்” என்று சொல்லவேண்டும். போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று அதற்குப் பொருள். எந்தப் பிள்ளையாவது வாய்தவறி “போறன்” என்று மட்டும் சொன்னால் விடமாட்டார். உள்ளே கூப்பிட்டு இருத்தி, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, முதலிலிருந்து வெளிக்கிடச் செய்வார். தாய்மார் வெயிலில் காத்து நின்று முணுமுணுப்பார்கள். பிள்ளைகள் காலையில் வந்த தொகையும் மத்தியானம் போன தொகையும் சரியா என்று இரண்டு தரம் எண்ணிய பிறகுதான் அவர் கதவைச் சாத்துவார். ஊரில் சிலர் அவருக்கு இரட்டைக்கணக்கு என்று பட்டம் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

பிள்ளைகள் குறைந்து பாடசாலையை மூடியபின், ஆட்களை எண்ணும் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் தாமாகவே வந்து பெயர் கொடுத்தார். மண்டைதீவுப் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். நகரத்துக் கரையான பண்ணைப் பக்கம் வினோஜாவுக்குக் கிடைத்தது. காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணிவரை, பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு கதிரை, இரண்டு குடை, இரண்டு படிவக் கட்டு. நடுவில் ஒரு கமெரா. இடையில் கடலுக்குள் இறங்கும் மீன்பிடிகாரரையும், வாகனத்தில் ஏறிக்கொள்பவர்களையும், தொடங்கும்போதும் முடியும்போதும் பாலத்தில் நடந்துகொண்டிருப்பவர்களையும் அது பார்த்துக்கொள்ளும். அவர்களைக் கழித்தால் ஒரு முனையால் வந்தவர்களும் மறுமுனையால் போனவர்களும் சரியாக இருக்கவேண்டும். நடந்தால் முக்கால் மணித்தியாலம். இரண்டு பக்கமும் கடல். வேறு வழி கிடையாது.

முதல் நாளே எல்லாம் குழம்பியது. வினோஜா படிவத்தில் இருந்தபடியே கேட்டாள். ஒரு மனிசி பனையோலைக் கடகத்தை இறக்கிவைத்து, “நாசமாப் போச்சு. நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டனான்,” என்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர், “உமக்கேன் நான் எங்கை போனால்? நீரோ எனக்குச் சோறு போடுறீர்?” என்று ஏசினார். ஏசிவிட்டுப் பாலத்துத் தடுப்புக் கட்டில் அமர்ந்து, போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்து, பாலத்துக்குள் கொஞ்சத் தூரம் திரும்பிப் போய், புதிய ஆள் போல மறுபடி வந்தார். அவரை அவள் இரண்டு தரம் பதிந்துவிட்டாள். திரும்பிப் போனவர்கள் மண்டைதீவில் மறுபடி எண்ணப்பட்டார்கள். பின்னேரம் பார்த்தால் கணக்கு பதினேழு பேரால் பிழைத்தது. எந்த நாட்டுப் படிவத்திலும் இப்படி ஒரு பிழைக்கு நிரல் கிடையாது.

போனில் ரீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். “நான் சொன்னனான் எல்லே? இஞ்சை ஒருத்தரும் திரும்பேல்லை. கனதூரமோ எண்டு கேளும், பிள்ளை. கிட்டத்தான் எண்டால் யாழ்ப்பாண ரவுண். கொஞ்சத் தூரம் எண்டால் சுன்னாகம், சாவகச்சேரிப் பக்கம். கனதூரம் எண்டால் வவுனியாவுக்கு அங்காலை. உம்மடை படிவத்துக்கு அது போதாதோ?”

போதும் என்று அரியநாயகமும் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது.

இரண்டாம் நாளிலிருந்து தொகைகள் ஒழுங்காக வந்தன. ஒன்றைத் தவிர. நகரத்தை நோக்கி நடந்தவர்களில் ஒருவர் ஒவ்வொரு நாளும் மண்டைதீவில் கூடினார், அல்லது பண்ணையில் குறைந்தார். நூற்று நாற்பத்தாறுக்கு நூற்று நாற்பத்தைந்து. மறுநாள் நூற்று முப்பத்தொன்றுக்கு நூற்று முப்பது. ரீச்சரின் படிவத்தில் பின்னேரம் ஐந்தேகாலுக்கு, அந்த முத்து முத்தான கையெழுத்தில், ஒரே பதிவு: ஆண், வயது இருபதளவில், கையில் ஒன்றுமில்லை, கனதூரம்.

“மீன்பிடிக்கிற ஆளாயிருக்கும். இடையிலை இறங்கியிருப்பான்,” என்றார் அரியநாயகம்.

“கையிலை பறியும் இல்லை, வலையும் இல்லை, சேர்,” என்றார் ரீச்சர்.

“ஓட்டோவிலை ஏறியிருப்பான்.”

கமெராப் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து முப்பத்தைந்துக்கு வீதி வெறுமையாக நீண்டது. ஓரத்துக் கல்லில் ஒரு கொக்கு நின்றது. அந்தக் கொக்கு, யாரோ பக்கத்தால் போவதற்கு இடம் விடுவது போல, இரண்டு எட்டு எடுத்துவைத்து ஒதுங்கியது. பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றது.

“கொக்கை விடுங்கோ. அந்தப் பதிவை வெட்டுங்கோ, ரீச்சர்,” என்றார் அரியநாயகம். “பத்தாம் நாளும் இப்பிடி வந்தா, எல்லா நாளிலையும் நானே வெட்டிப்போட்டு அனுப்புவன். பிழைச்ச தொகையை மேலிடத்திலை எடுக்கமாட்டினம்.”

“வந்த ஆளை வெட்ட ஏலாது,” என்றார் சறோஜினிதேவி.

ஆறாம் நாள் வினோஜாவுக்கு மதியத்தோடு ஓய்வு; அவளுடைய இடத்துக்கு வேறொருவர் இருந்தார். அவள் பஸ்ஸில் ஏறி மண்டைதீவுப் பக்கம் போனாள். அரியநாயகம் அனுப்பியதாகச் சொல்லலாம். ஆனால் அவளுக்கே பார்க்கவேண்டும் போலிருந்தது. ரீச்சர் குடையின் கீழ் இருந்தார். கதிரையின் காலடியில், சட்டைத் துணியால் மூடிய பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. வெயில் கடலில் தகடாகக் கிடந்தது. முழங்கால் அளவு தண்ணீருக்குள் வலை கட்டிய தடிகள் தூரம் தூரமாகப் போயின.

“அந்த ஆள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும், என்ன ரீச்சர்?” என்று கேட்டாள். இப்படி நேராக ஒருவரிடம் அவள் கேட்டது குறைவு.

ரீச்சர் வீதிப்பக்கம் திரும்பினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரைப் பார்த்து “கனதூரமோ?” என்றார். “கிட்டத்தான், ரீச்சர்!” என்று அவர் கத்திக்கொண்டு போனார். அதைப் பதிந்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

முப்பத்துநாலு வருடத்துக்கு முந்திய மாசி மாதம். அவருக்குப் பதினெட்டு வயது. தமையன் தயாபரனுக்கு இருபத்தொன்று. வெளிநாட்டுக்குப் போவதற்கு எல்லாம் ஒழுங்காகியிருந்தது. ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பையை இரண்டு நாள் முன்பே நகரத்தில் இருந்த சிநேகிதனிடம் கொடுத்துவிட்டு, சும்மா சந்திக்குப் போகிறவன் போல வெறுங்கையோடு படலையைத் திறந்தான். தங்கைக்கு அது தெரியாது. முற்றத்தில் நின்றவள் பின்னாலிருந்து கேட்டுவிட்டாள். “அண்ணை, எங்கை போறாய்?”

“பின்னாலையிருந்து கேட்டன், பிள்ளை. அதுவும் எங்கை எண்டு கேட்டன். வீட்டிலை எல்லாரும் உறைஞ்சு போச்சினம். அவன் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். ‘உனக்கு வாய் சும்மா கிடவாதோ?’ எண்டான். திரும்பி வந்து இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டு அம்மா கத்தினவ. பஸ்ஸுக்கு நேரமில்லை எண்டிட்டு நடந்தான். போட்டு வாறன் எண்டும் சொல்லேல்லை. நான் செம்பிலை தண்ணி அள்ளிக்கொண்டு ஓடினனான். வளைவாலை மறைஞ்சிட்டான். அந்தத் தண்ணியைத் தேமாமரத்துக்கு ஊத்திப்போட்டு வந்தன்.”

அன்று பஸ் மண்டைதீவுச் சந்தியோடு நின்றுவிட்டது. அவன் இறங்கி நடந்தான். செருப்பு வார் அறுந்ததால், கரையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த சின்னக்குட்டி என்பவரிடம் ஒரு துண்டு நீல நூல் வாங்கிக் கட்டினான். அவன் பாலத்தில் ஏறுவதைச் சின்னக்குட்டி பார்த்தார். பண்ணையில் பையோடு நின்ற சிநேகிதன் இருட்டும்வரை நின்றான். யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் பை மட்டும் சுருவிலுக்கு வந்தது. அந்தச் சண்டைக்காலத்தில் பாலத்தில் என்ன நடந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை. ஏறினவனுக்கு ஒரு சாட்சி இருந்தார். இறங்கினதற்கு இல்லை.

“இப்ப வாறது அவர்தானோ?”

“முகத்தைக் காட்டுறானில்லை. கனதூரமோ எண்டு கேட்பன். கனதூரம் எண்டு சொல்லிக்கொண்டு போவான். மூண்டாம் நாள் கண்டுபிடிச்சிட்டன், அந்தச் செருப்புச் சத்தத்திலை. ஒரு கால் ஒழுங்கா விழும். மற்றக் கால் இழுபடும். எழும்ப ஏலாது, பிள்ளை. கதிரையோடை கால் ஒட்டின மாதிரி. பேர் சொல்லிக் கூப்பிடுவம் எண்டால், பின்னாலையிருந்து இன்னொருக்காக் கூப்பிட எனக்குப் பயம். செம்பிலை தண்ணி வைச்சும் பாத்தன். திரும்பியும் பாக்கான்.” அவர் துணியை விலக்கிச் செம்பைக் காட்டினார். “எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அவன் அந்தக் கரையிலை இறங்கினான் எண்டு ஒரு கோடு. அவ்வளவுதான். சேர் இந்தக் கோட்டையும் வெட்டுறாராம்.”

வினோஜா நிமிர்ந்தாள். செருப்பில் கட்டிய நீல நூல். அவள் அதைப் பார்த்திருந்தாள்.

முதல் நாள், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பாக. கட்டம் போட்ட சட்டை. தலைமயிர் ஈரம். களைத்துப்போய், படிவத்தைப் பார்க்காமலே அவள் கேட்டாள்: “நீங்கள் எங்கே போகிறீர்கள்?” அவன் நின்றான். சிரித்தான். “உங்களுக்கும் வாய் சும்மா கிடவாதோ?” என்றான். திரும்பி, வந்த வழியே நடந்தான். அன்று திரும்பிப் போனவர்கள் பலர். அதில் இவனும் ஒருவன் என்று நினைத்து, போட்ட கோட்டை அழித்துவிட்டாள். ‘உங்களுக்கும்’ என்று ஏன் சொன்னான் என்று மட்டும் ஒரு கணம் யோசித்தாள். பிறகு மறந்துபோனாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்கு அது நன்றாகப் பழகிய காரியம். ஆனால் அந்தச் செம்பைப் பார்த்தபோது முடியவில்லை. சொன்னாள். சட்டை, ஈரத்தலை, நீல நூல், சிரிப்பு, சொன்ன சொல், தான் அழித்த கோடு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. “நான்தான் அவரைத் திருப்பிவிட்டனான், ரீச்சர்.”

ரீச்சர் பாலத்தின் மறுகரைப் பக்கம் திரும்பினார். அவருடைய முகத்தில் வினோஜா எதிர்பார்த்த கோபம் வரவில்லை. மெல்ல மெல்ல வேறொன்று வந்தது.

“அப்ப அங்கை வரைக்கும் வந்திருக்கிறான்,” என்றார். “நடுவிலை நிக்கேல்லை. பண்ணை வரைக்கும் வந்திருக்கிறான்.” இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். “நீர் அழாதையும். நீர் ஒருக்காக் கேட்டீர். நான் முதல் கேட்டனான்.”

பிறகு செம்பைத் தூக்கி வினோஜாவின் மடியில் வைத்தார். திரும்பின இடத்தில்தான் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்றார். தான் கேட்ட அந்தச் சுருவில் வீடு இப்போது இல்லை, படலையும் இல்லை, தேமாமரமும் இல்லை. மிஞ்சியிருப்பது பண்ணையில் வினோஜா கேட்ட இடம்தான். “கடதாசியோடை நீர் இருக்கிறதைத் தூரத்திலையே கண்டு கூச்சப்பட்டுத் திரும்புறான் போலை. ஐஞ்சே முக்காலுக்குப் படிவத்தை மூடிப்போடும். ஒண்டும் கேளாதையும். இருத்தி ஒரு வாய் தண்ணி குடுத்தால் போதும்.”

அன்று ஐந்தேகால் வரை வினோஜா அங்கே நிற்கவில்லை. நாலு மணி பஸ்ஸில் திரும்பினாள். பாலத்தின் நடுவில் போகும்போது கண்களை மூடிக்கொண்டாள். அவளுடைய மடியில், நிறைந்த செம்பு தளும்பாமல் இருந்தது.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் அவள் செம்பை வெளியே எடுக்கவில்லை. பயம் ஒன்று. மற்றது, படிவத்தை மூடினால் அந்தக் கால் மணித்தியாலத்தில் நடக்கிற உண்மையான ஆட்கள் தவறிப்போவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு நாளும் ஒன்று குறைந்தது. ரீச்சர் போனில் எதுவும் கேட்கவில்லை. தன் தொகையைச் சொன்னார், வைத்தார். ஒன்பதாம் நாள் செம்பை எடுத்துக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். படிவத்தை மூட மனம் வரவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன், தூரத்தில், சனத்துக்கு நடுவே ஒருவன் நின்றதைக் கண்டாள். நின்றவன் அவளுடைய மடியில் இருந்த கடதாசிகளைப் பார்ப்பது போலிருந்தது. ஒரு பஸ் போனது. பஸ் போனபின் அவன் இல்லை.

பத்தாம் நாள் கடைசி நாள்.

பின்னேரம் பண்ணைப் பக்கம் எப்போதும் ஆட்கள்தான். காற்று வாங்க வருபவர்கள், கச்சான் கடலை விற்பவர்கள், கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுப்பவர்கள். ஐந்தே முக்காலுக்கு வினோஜா படிவக் கட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். நடந்து வருபவர்களை மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். கதிரையை வீதியோரமாகத் திருப்பிவைத்து எழுந்து நின்றாள். செம்பைத் துணியோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு. இரண்டு பெண்கள். மூன்று, சைக்கிளைத் தள்ளிவரும் ஒருவர். காற்று நின்றுவிட்டது. கரையோரத் தண்ணீர் கண்ணாடி போல ஆனது. வலைத்தடிகள் தலைகீழாகவும் தெரிந்தன.

முதலில் சத்தம் வந்தது. ஒரு கால் ஒழுங்காக விழுந்தது. மற்றக் கால் இழுபட்டது.

அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். அதே கட்டச் சட்டை. அவளைவிட இளையவன், ஒரு தம்பியைப் போல. மூக்குநுனியில் ஒரு துளி தண்ணீர் விழாமல் நின்றது. ஒரு பொடியனும் தாயும் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு அவனை உரசிவிடுவது போலக் கடந்து போனார்கள். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் சற்று ஒதுங்கித்தான் போனார்கள், அந்தக் கொக்கைப் போல.

அவளுடைய நாக்கில் அந்தக் கேள்வி வந்து நின்றது. வேறு எதையும் கேட்கத் தெரியாதவள் போல அதே மூன்று சொற்கள்தான் வந்தன. அவள் பல்லைக் கடித்தாள். கதிரையைக் காட்டினாள். செம்பை நீட்டினாள்.

அவன் கதிரையில் இருந்தான். செம்பை உயர்த்தி, வாயில் படாமல் அண்ணாந்து குடித்தான். தண்ணீர் இறங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நிறுத்தாமல், மூச்சு விடாமல் குடித்தான். ஒரு செம்புத் தண்ணீர் இவ்வளவு நேரம் வருமா என்று அவள் பயந்தாள். பிறகு செம்பைத் துணியோடு திருப்பிக் கொடுத்தான். கொடுத்த செம்பு, நெடுநாள் ஆழத்தில் கிடந்த பொருள் போல் சில்லிட்டிருந்தது.

“போட்டு வாறன்,” என்றான்.

நகரத்தை நோக்கி நடந்தான். கச்சான் வண்டிலைத் தாண்டும்வரை கட்டச் சட்டை தெரிந்தது. அவள் பின்னாலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. கதிரைக்கு முன்னால் இரண்டு ஈரக் காலடிகள் இருந்தன. இடதுகால் அடியில், வார் இருக்க வேண்டிய இடத்தில், முடிச்சு ஒன்றின் தடம்.

படிவத்தைத் திறந்தாள். மனதுக்குள் எண்ணிய மூன்று பேரையும் எழுதினாள். நாலாவதாக அவனை எழுதினாள். கோடு சரிந்தது. அழிக்கவில்லை. ஆறு மணிக்கு எண்ணிப் பார்த்தாள். நூற்று ஐம்பத்திரண்டு.

போன் அடித்தது. “நூற்றைம்பத்திரண்டு,” என்றார் ரீச்சர். 

“எனக்கும் நூற்றைம்பத்திரண்டு, ரீச்சர்.”

மறுபக்கத்தில் கடற்சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள் அவர் அழுதாரோ தெரியாது.

“தண்ணி குடிச்சவனோ?”

“முழுக்கக் குடிச்சவர்.”

“ஏதும் சொன்னவனோ?”

வினோஜா சொன்னாள்.

அரியநாயகம் கடைசி நாளின் தொகையைப் பார்த்து மகிழ்ந்தார். மற்ற நாட்களின் அந்த ஒற்றைப் பதிவுகளை வெட்ட அவர் பேனையை எடுத்தபோது, ரீச்சர் கையை நீட்டித் தாமே வாங்கி வெட்டினார். இரண்டாம் நாள் தொடங்கி எட்டுக் கோடு. “உதுகள் வந்து சேராத நாள். வெட்டலாம். பத்தாம் நாளைத் தொடாதையுங்கோ,” என்றார். நடைபாதை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள்.

வினோஜாவுக்கு இப்போது நகரத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் வேலணைக்குப் போகும்போது பண்ணையில் இறங்கிவிட்டு அடுத்த பஸ்ஸை எடுக்கிறாள். வெறும் போத்தலைக்கூட விட்டுவைக்காத நகரத்தில், பாலத்துக் கட்டின் அடியில் ஒரு பித்தளைச் செம்பு இத்தனை மாதமாகக் கிடக்கிறது. ஒருவரும் எடுக்கவில்லை. சில கிழமைகளில் தண்ணீர் அரைவாசியாக இருக்கும். வெயிலாக இருக்கலாம், காகமாக இருக்கலாம். அவள் கழுவி நிரப்பி, துணியால் மூடிவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறுவாள். புளியங்கூடலில் ரீச்சர் வீட்டுப் படலை இப்போது பூட்டப்படுவதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறாள்.

அன்று போனில், தமையன் சொன்ன அந்த இரண்டு சொற்களையும் கேட்டபின் ரீச்சர் அவற்றை ஒருதரம் தாமே சொல்லிப் பார்த்தார். பாலர் பாடசாலைப் படலையில் நின்று பிள்ளைகள் ஆயிரம் தரம் சொல்லக் கேட்டவர். அதன் பொருள் அவருக்குத் தெரியாததல்ல. பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில், ஒரு உதவி கேட்டார்.

“அப்ப அவன் திரும்பி வருவான். அந்தச் செம்பை என்னட்டைக் கொண்டு வராதையும், பிள்ளை. தண்ணி நிரப்பி அங்கையே வைச்சிட்டு வாரும்.”